"பார்க்கத் தவறினார்" என்று எழுதலாமா? வெப் டிராக்ட் விமான விபத்து அறிக்கை பற்றி

கரைவழி எழுதியது:

நண்பர்களே, ஒரு வாரமாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது.

2011 ஜனவரி 10. கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கூடும் டெல்டாவில் வெப் டிராக்ட் என்று ஒரு தீவு இருக்கிறது. சுற்றிலும் மண்கரை, உள்ளே கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த விளைநிலம். பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். அந்த வயல்களின் மேல் தாழப் பறந்து வேலை செய்துகொண்டிருந்த ராக்வெல் எஸ்-2ஆர் ரக வேளாண் விமானம் ஒன்று, காற்றின் வேகத்தை அளக்க நட்டிருந்த ஒரு கோபுரத்தில் மோதியது. விமானத்தில் விமானி ஒருவர்தான். அவர் இறந்துவிட்டார்.

கோபுரம் என்றதும் இரும்புச் சட்டங்கள் பின்னிய மின்கோபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது துத்தநாகம் பூசிய சாம்பல் நிறக் குழாய், அவ்வளவுதான். ஆறு முதல் எட்டு அங்குலப் பருமன். நாலாபக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி நிறுத்திவிடுவார்கள். காலையில் லாரியில் வந்தால் மாலைக்குள் நிமிர்ந்து நிற்கும். காற்றாலை போடலாமா என்று ஓரிரு வருடம் காற்றை அளந்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போவார்கள். வெப் டிராக்டில் நின்றதன் உயரம் சுமார் 197 அடி. விளக்கு இல்லை, வண்ணப் பட்டை இல்லை, கம்பிகளில் எச்சரிக்கைப் பந்து இல்லை.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அதில் சாத்தியமான காரணம் என்ற பகுதியை என் மொழியில் சொல்கிறேன்: வேளாண் பணியின்போது அடையாளமிடாத காற்றளவுக் கோபுரத்தில் மோதியது, தடையைப் பார்த்து விலக விமானி தவறியதே காரணம். கோபுரம் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாமல் இருந்ததும், அப்படியொன்று அங்கே நிற்கும் தகவல் புறப்படுவதற்கு முன் விமானிக்குக் கிடைக்காமல் போனதும் துணைக்காரணங்கள்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. புலப்படாத ஒன்றைப் பார்க்கத் தவறினார் என்று ஒரே பத்தியில் எப்படி எழுத முடிகிறது? செத்தவர் முதல் வரியில், கோபுரம் இரண்டாவது வரியில். இந்த வரிசையை யார் முடிவு செய்கிறார்கள்? விமானத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

ஈசானமூலை எழுதியது:

கோபப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது? மருந்து அடிக்கும் விமானம் பயிருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே பறக்கிறது. மற்ற விமானங்கள் 500 அடிக்குக் கீழே வரக்கூடாத இடத்தில் இவர்களுக்கு மட்டும் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையோடு பொறுப்பும் சேர்ந்துதானே வரும்? வேலை தொடங்கும் முன் வயலை ஒரு சுற்றுச் சுற்றி மரம், கம்பம், கம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். 197 அடி உயரத்துக்கு ஒன்று நிற்கிறது, அது தெரியவில்லை என்றால் வேறு எப்படி எழுதுவது?

நான் இறந்தவரைக் குறை சொல்லவில்லை. அறிக்கை என்பது இரங்கற்பா இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

---

கரைவழி எழுதியது:

ஈசானமூலை ஐயா, அந்த 197 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அமெரிக்காவில் தரையிலிருந்து 200 அடிக்கு மேல் எதைக் கட்டினாலும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விளக்குப் போடு, வண்ணம் அடி என்று சொல்வார்கள், வரைபடத்திலும் குறித்துவிடுவார்கள். மூன்று அடி குறைத்தால், அன்று பெரும்பாலான இடங்களில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தக் கோபுரங்கள் பெரும்பாலும் 200-க்குச் சற்றுக் கீழேயே நின்றது தற்செயல் என்கிறீர்களா? எந்த இடத்தில் காற்று நன்றாக அடிக்கிறது என்பது வியாபார ரகசியம். போட்டியாளருக்குத் தெரியக்கூடாது என்பதால் இடத்தை வெளியில் சொல்லாமலிருப்பதே வழக்கமாக இருந்தது.

---

மோரி மெக்கானிக் எழுதியது:

இந்த இழையை நேற்றே பார்த்தேன். வேலை முடிந்து உட்கார இன்றுதான் நேரம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் வடக்கே பருத்தி விளையும் பகுதியில், மருந்து தெளிக்கும் விமானங்களைப் பல வருடம் பழுதுபார்த்தவன் நான். விசாரணை அதிகாரி இல்லை. ஆனால் அவர்கள் வந்தால் பக்கத்தில் நின்று பாகங்களைக் கழற்றிக் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பயணிகள் விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டி கிடைக்கும். இந்தச் சிறிய விமானங்களில் அது இல்லை. பெரும்பாலும் பார்த்த சாட்சியும் இருக்காது. விடியற்காலை வேலை, ஆளில்லாக் காடு. கிடைக்கும் உலோகம்தான் பேச வேண்டும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்பதை ப்ரொப்பெல்லர் சொல்லும். சக்தியோடு சுழன்றுகொண்டிருந்த இதழ் மண்ணில் இறங்கினால் முறுக்கிக்கொள்ளும், நுனி முன்பக்கம் வளையும், அகலவாட்டில் கீறல் விழும். சுழலாமல் நின்ற இதழ் சும்மா பின்னால் மடங்கிக் கிடக்கும், நாய் காதைப் போல. அடுத்து எரிபொருள்: தொட்டியில் இருந்ததா, நிரப்பிய பவுசரில் (எரிபொருள் லாரியில்) தண்ணீர் கலந்திருந்ததா. பிறகு எடை: ஏற்றிய மருந்தின் கணக்குச் சீட்டு தரையில் நிற்கும் பையனிடம் இருக்கும்.

வெளியாட்களுக்குத் தோன்றாத ஒன்று, மருந்துத் தொட்டியின் அடிவாய். காக்பிட்டில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்தால் அதை ஒரே தள்ளாகத் தள்ளி மொத்தச் சுமையையும் சில வினாடிகளில் கொட்டிவிடலாம். எஞ்சின் இருமினாலே கை தானாக அங்கே போகும் என்பார்கள் விமானிகள். சிதைவில் வாய் திறந்து, மருந்து பின்னால் நீளமாக வயலில் சிந்தியிருந்தால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதற்குள் நேரமும் இருந்திருக்கிறது. வாய் மூடி, மருந்து முழுக்க ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தால், கடைசி நொடி வரை அவர் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

கறுப்புப் பெட்டி இல்லை என்றேன். அதற்குப் பதிலாக வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி இருக்கும். எந்தப் பட்டையில் மருந்து அடித்தோம், எது பாக்கி என்று காட்டுவதற்காக வைத்தது, பறந்த பாதையையும் பதிந்து வைக்கும். பிழைத்துக் கிடைத்தால் அது பொக்கிஷம். உழவு சால் போல வரிசையாகக் கோடுகள், ஒவ்வொரு முனையிலும் திரும்பிய வளைவு. கடைசிக் கோடு மட்டும் வயலின் நடுவில் நின்றுவிடும். திரையில் அதைப் பார்த்தவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

கம்பியில் மோதியதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை ஒரு சொந்த அனுபவமாகச் சொல்கிறேன். ஒரு பருவத்தில் ஒரு விமானத்தைக் கழுவ எடுத்தேன். ஓட்டி வந்தவர் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். இடது சக்கரக் காலின் முன்விளிம்பில் சோப்புத்துணி சிக்கியது. குனிந்து பார்த்தால், வண்ணம் உரிந்த இடத்தில் சாய்வாகச் சின்னச் சின்னக் கோடுகள், சமமான இடைவெளியில், திருகாணியின் மரை போல. பள்ளங்களில் பளபளவென்று அலுமினியத் துகள் அப்பியிருந்தது. மறுநாள் அவரிடம் கேட்டபோது "ஏதாவது பறவையாக இருக்கும்" என்றார். ஷெட்டின் பின்னால் கிடந்த பழைய மின்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து வந்து அந்தத் தழும்பின் மேல் வைத்தேன். கம்பியின் புரி ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். உயிரோடு இருந்ததால் அது சிரிப்பில் முடிந்தது. அதே தழும்பை இறக்கையின் முன்விளிம்பில் பார்த்தால், மோதியது எந்தக் கம்பி, எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் என்று விசாரணையில் படிப்படியாகப் பின்னோக்கிப் போக முடியும்.

கரைவழி கேட்ட கேள்விக்கு இன்னும் வரவில்லை என்று தெரியும். கை வலிக்கிறது, அடுத்த பதிவில்.

---

தேன்சிட்டு எழுதியது:

அண்ணா, அருமையான பதிவு. எனக்கொரு சந்தேகம். நாள் முழுக்க அந்த மருந்துக்குள்ளேயே இருக்கிறார்களே, மருந்தின் நெடியில் மயங்கி விழுந்திருக்க வாய்ப்பு இல்லையா? எங்கள் ஊரில் கைத்தெளிப்பான் பிடிப்பவர்களே தலைசுற்றி விழுவது உண்டு.

---

மோரி மெக்கானிக் எழுதியது:

நல்ல கேள்வி, தங்கச்சி. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உடம்பில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். கண்பாவை சுருங்கும், பார்வை மங்கும், கை நடுங்கும். அதனால் இப்படிப்பட்ட விபத்துகளில் இரத்தப் பரிசோதனையை வெறும் சடங்காக எண்ணக்கூடாது. அமெரிக்காவில் உயிரிழந்த விமானிகளின் மாதிரிகள் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போகும். எங்கள் பக்கத்தில் தொடர்ந்து மருந்தைக் கையாள்பவர்கள் பருவம் தொடங்கும் முன் ஒருமுறை இரத்தம் கொடுத்து வைப்பார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டுமே.

விசாரணைக்குப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. என்ன மருந்து ஏற்றியிருந்தது என்று தெரியாமல் சிதைவைத் தொடக்கூடாது. முழு உடல் உறை, கையுறை, முகமூடி. நாற்பது டிகிரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பது தனி நரகம்.

ஆனால் வெப் டிராக்ட் விபத்தில் அறிக்கை சொல்லும் காரணம் நெடியோ மயக்கமோ இல்லை. அங்கே விவகாரம் கண்ணும் கோபுரமும்தான்.

---

வழக்காடி எழுதியது:

கரைவழியின் கேள்விக்குச் சட்டப்பக்கம் இருந்து ஒரு பதில். 'காரணம்' என்ற சொல்லை நாம் 'குற்றம்' என்று படித்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல்.

உலக நாடுகளின் விமான விபத்து விசாரணைகள், சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பைப் பின்பற்றுகின்றன. அதன்படி விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவதும் நட்ட ஈட்டைத் தீர்மானிப்பதும் அதன் வேலை இல்லை. அமெரிக்கச் சட்டம் ஒரு படி மேலே போய், வாரியத்தின் அறிக்கையை நட்ட ஈட்டு வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. விசாரணையில் திரட்டிய உண்மை விவரங்களைப் பயன்படுத்தலாம், வாரியத்தின் முடிவைக் காட்டி "பாருங்கள், விமானி தவறு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்" என்று வாதாட முடியாது.

இந்த விபத்திலேயே அதைப் பார்க்கலாம். அறிக்கையின் முதல் வரியில் விமானி இருந்தும், குடும்பம் தொடுத்த வழக்கு 2014-இல் 67 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. கோபுரத்தோடு தொடர்புடையவர்கள் சும்மா கொடுத்திருப்பார்களா?

எனக்கே இந்தப் பிரிவினையில் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் காட்டக்கூடாது, சரி. பத்திரிகையில் வருமே? இறந்தவரின் மகன் படிப்பானே? ஊரில் டீக்கடையில் யாரும் 13-ஆம் இணைப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவதில்லை. "பார்க்கத் தவறினார்" என்பதை ஊர் "கவனிக்காமல் ஓட்டினான்" என்றுதான் மொழிபெயர்த்துக்கொள்ளும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

வேளாண் விமானம் மணிக்கு 225 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 62.5 மீட்டர். ஒரு தடையைப் பார்த்து விலக எவ்வளவு நேரம் வேண்டும்? இரண்டு விமானங்கள் மோதிக்கொள்வதைத் தவிர்ப்பது பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கையில் இதற்குப் பட்டியலே இருக்கிறது. கண்ணில் படுவதற்கு 0.1 வினாடி, என்னவென்று அறிய 1, மோதும் பாதையில் இருக்கிறோம் என்று உணர 5, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்க 4, கை அசைய 0.4, விமானம் கீழ்ப்படிய 2. கூட்டினால் 12.5 வினாடி. அந்த நேரத்தில் நம் விமானம் கடக்கும் தூரம் சுமார் 780 மீட்டர்.

எட்டு அங்குலக் குழாய், அதாவது 20 செ.மீ., 780 மீட்டர் தொலைவில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒரு பாகையை அறுபது பங்காக்கி அதில் ஒரு பங்குக்கும் குறைவு: 0.88. கண் மருத்துவர் "உங்கள் பார்வை கச்சிதம்" என்று சொல்லும்போது அவர் அளக்கும் எல்லையே அந்த ஒரு பங்குதான். இது எட்டு அங்குலத்துக்கு. ஆறு அங்குலக் குழாய் என்றால் இன்னும் மோசம்.

இன்னொரு வில்லங்கம். நேராக மோதப்போகும் பொருள் விமானத்தின் முன்கண்ணாடியில் இடம் மாறாது. ஒரே புள்ளியில் நின்றபடி மெல்லப் பெரிதாகும். நம் கண் அசைவைப் பிடிக்கப் பழகியது. அசையாத புள்ளியைச் சட்டென்று கண்டுகொள்ளாது.

---

ஈசானமூலை எழுதியது:

கணக்குப்பிள்ளை, கணக்கில் ஓர் ஓட்டை. நீங்கள் சொல்லும் அறுபதில் ஒரு பங்கு என்பது பலகையில் எழுத்தைப் பிரித்து வாசிக்கத் தேவையான அளவு. கோட்டைப் பார்க்க அவ்வளவு வேண்டாம். விரல் தடிமன்கூட இல்லாத மின்கம்பி அரை கிலோமீட்டர் தள்ளி வானத்தின் மேல் கறுப்பாகத் தெரிகிறதே, உங்கள் கணக்குப்படி அது தெரியவே கூடாது. அப்புறம் அந்த 12.5 வினாடி வானில் எதிர்ப்படும் விமானத்துக்குப் போட்டது. தாழப் பறந்தே பிழைக்கிறவருக்கு முடிவெடுக்க நாலு வினாடி ஆகுமா? பாதியாகக் குறையுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டையும் ஏற்கிறேன், ஐயா. பாதியாக்கினால் 390 மீட்டர். அந்தத் தொலைவில் குழாயின் அளவு 1.76 பங்கு, எல்லையைத் தாண்டிவிட்டது. கோடு என்றால் இன்னும் சன்னமாக இருந்தாலும் கண் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு நிறவேறுபாடு வேண்டும். மின்கம்பி வெளிறிய வானத்தின் மேல் கறுப்பாகத் தெரிகிறது. இங்கே சாம்பல் குழாய். ஜனவரி மாதத்து டெல்டாவின் வெளிறிய வானத்தையும் ஈர மண்ணையும் பின்னணியாக வைத்துப் பாருங்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குப் பின்னணி வானம். தாழப் பறப்பவருக்குக் கீழ்ப்பாதி வயலோடு கலந்துவிடும்.

---

மோரி மெக்கானிக் எழுதியது:

அருமை, இருவருக்கும் ஒரு காபி என் கணக்கில்.

வயலைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஐயா சொன்னாரே, அது சரியான பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்றுதான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கம்பி கண்ணுக்கு அகப்படாது. கம்பம் வரிசையாக நிற்கும், இரண்டைப் பார்த்தால் மூன்றாவது எங்கே என்று ஊகிக்கலாம், குறுக்குச்சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலிருந்து கம்பி போகும் திசை தெரியும். காற்றளவுக் கோபுரம் இந்த வித்தையையே செல்லாததாக்கிவிடுகிறது. ஒற்றையாக நிற்கும், வரிசை இல்லை, கம்பமே கம்பி போல இருக்கிறது. அதைவிட ஸ்டே கம்பிகள் வெகுதூரம் வரை பரந்து கிடக்கும். குழாயைப் பார்த்துவிட்டவர்கூடக் கம்பி எங்கே முடிகிறது என்று கணிக்க முடியாது. பார்த்துவிட்டு ஒரு கணம் கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்ன விமானிகள் உண்டு.

ஐயாவின் பக்கத்துக்கும் ஒரு புள்ளி தருகிறேன், நடுநிலை தவறக்கூடாது. எங்கள் ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு கம்பி மோதல்களை ஆராய்ந்தபோது, வேளாண் பறப்பில் மோதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் கம்பி அங்கே இருப்பதை முன்பே அறிந்தவர்கள் என்று தெரியவந்தது. காலையில் பார்த்து, அடியில் நுழைந்து, மேலே தாண்டி, பத்துத் தடவை தப்பித்த அதே கம்பி. பதினோராவது தடவை தொட்டியில் எவ்வளவு பாக்கி என்று யோசித்திருப்பார், அல்லது வயலின் ஓரத்தில் விட்டுப்போன ஒரு துண்டுக்காகத் திசை மாற்றி வந்திருப்பார். ஆகவே தெரிவித்துவிட்டாலே தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

இதை முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஃப்ரெட் வெய்க் என்ற பொறியாளர். 1950-இல் டெக்சாஸில் அவர் வடிவமைத்த ஏஜி-1 முதன்முதலாகப் பறந்தது. விமானி என்றாவது மோதத்தான் போகிறார் என்பதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டார் மனிதர். மருந்துத் தொட்டியை எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் வைத்தார், மோதலின் வேகத்தை முன்பகுதி நசுங்கி வாங்கிக்கொள்ளட்டும் என்று. இருக்கையை உயர்த்தினார், மூக்கைத் தாழ்த்தினார், உடலை நாற்காலியோடு பிணைக்கும் வார்களை வலுவாக்கினார். இன்றும் பெரும்பாலான வேளாண் விமானங்களில் கூனல் விழுந்தது போல காக்பிட் உயர்ந்து நிற்கும், அது அவர் விட்டுப்போன சீதனம். நான் சொன்ன சக்கரக்காலில் கம்பி வெட்டும் கத்தி, காக்பிட் உச்சியிலிருந்து வால் வரை இழுத்த எஃகு வடம் எல்லாம் இதே எண்ணத்தில் வந்தவை. விமானியைத் திட்டி ஒரு பயனும் இல்லை, விமானத்தைத் திருத்து என்பதே வெய்க்கின் வழி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வெப் டிராக்டில் திருத்த வேண்டியது விமானம் இல்லை, கோபுரம். அறிக்கையின் முதல் வரி எப்படி இருந்தாலும் பரிந்துரைகள் கோபுரத்தைப் பற்றித்தான் வந்தன என்று நினைவு. கரைவழி சரிபார்த்துச் சொல்லட்டும்.

---

கரைவழி எழுதியது:

சரிபார்த்துவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னது சரி.

விபத்து நடந்து இரண்டே மாதத்தில், 2011 மார்ச்சில், வாரியம் இந்தக் கோபுரங்களைப் பற்றித் தனியாக ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அதில் 2005-இல் டெக்சாஸில் ரால்ஸ் அருகே ஓர் ஏர் டிராக்டர் விமானம் இதே மாதிரிக் கோபுரத்தில் மோதி விமானி இறந்ததும் வருகிறது. ஆக, முதல் சாவு இது இல்லை. ஜூனில் விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆரஞ்சும் வெள்ளையுமாக வண்ணம் அடியுங்கள், கம்பிகளுக்கு உறையும் பந்தும் மாட்டுங்கள் என்று வழிகாட்டியது. ஆனால் விரும்பினால் செய்யலாம் என்ற அளவில்தான். 2012-இல் கலிஃபோர்னியா மாநிலம் 50 முதல் 200 அடி வரையிலான கோபுரங்களுக்கு அடையாளம் இட வேண்டும் என்று சட்டம் போட்டது. 2013-இல் வாரியம் நேராகவே கேட்டது: எல்லாக் கோபுரங்களையும் பதிவு செய்ய வேண்டும், அடையாளமிட வேண்டும், எல்லோரும் பார்க்கும் தரவுத்தளம் வேண்டும். நாடாளுமன்றம் 2016-இல் சட்டமாக்கி, 2018-இல் திருத்தியது.

காலவரிசையைப் பார்த்தபோது என் கோபம் கொஞ்சம் இடம் மாறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறிக்கை எழுதியவர்களுக்குக் கோபுரம்தான் பிரச்சினை என்று முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஒரு மனிதன் செத்து, ஒரு குழாய்க்கு வண்ணம் அடிக்கத் தேசிய அளவில் சட்டம் வர ஐந்து வருடம். வண்ணம் அடிக்க எத்தனை நாள் ஆகும்?

ஆனாலும் அந்த முதல் வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. துணைக்காரணங்களை முதல் காரணமாக்கி, "அடையாளமிடாத கோபுரத்தை விமானியால் உரிய நேரத்தில் காண இயலவில்லை" என்று எழுதியிருந்தால் எந்த உண்மை குறைந்திருக்கும்? 'தவறினார்', 'இயலவில்லை'. ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம்.

---

வழக்காடி எழுதியது:

அந்த ஒரு வினைச்சொல்லுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

---

தேன்சிட்டு எழுதியது:

இது நம் நாட்டில் நடந்தால் யார் விசாரிப்பார்கள்? காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

---

வழக்காடி எழுதியது:

2012 முதல் இதற்கென்று தனியாக விமான விபத்து விசாரணைப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே விதி போடும், அதுவே விசாரிக்கவும் செய்யும். காசர்கோடு விவகாரம் வேறு கதை, அங்கே விமானம் விழவில்லை, கீழே இருந்தவர்கள் விழுந்தார்கள். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

---

ஈசானமூலை எழுதியது:

இந்த இழையில் அதிகம் வாய் கொடுத்தவன் நான் என்பதால் ஒரு தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எனக்குக் கயத்தாறு பக்கம். காற்றாலைகளின் நடுவில் பிறந்து வளர்ந்தவன் என்றே சொல்லலாம். நேற்று ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போனபோது, எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு அப்பால் இப்படியொரு அளவுக் கோபுரம் நிற்பதாகச் சொன்னார்கள். சாப்பிட்ட கையோடு அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மத்தியானம் இரண்டரை மணி. வண்டியை நிறுத்தியதிலிருந்து காற்றாலைகள் இருபதுக்குக் குறையாமல் எண்ண முடிந்தது. கோபுரம் எங்கே என்று கேட்டால் பையன் கையை நீட்டுகிறான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் தெரியவில்லை. சோளக்காட்டு வரப்பில் நடந்துகொண்டே போனோம். உச்சியில் காற்றாடிக் கிண்ணம் சுற்றுவதுதான் முதலில் கண்ணில் பட்டது, பிறகு அதிலிருந்து கீழே இறங்கிக் குழாயைப் பிடித்தேன். திரும்பி வரும்போது வண்டியிலிருந்து மறுபடி தேடினேன். எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், பத்து நிமிடம் முன்பு தொட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்படியும் அகப்படவில்லை.

எனக்கு வயது அறுபத்திரண்டு, கண்ணில் புரை ஆரம்பம். அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பையனுக்குப் பதினாறு. அவனைக் கம்பிகளை எண்ணச் சொன்னேன். அடியில் நின்றுகொண்டு இரண்டு தடவை எண்ணினான், இரண்டு தடவையும் வேறு வேறு எண் சொன்னான்.

அறிக்கையின் முதல் வரி பற்றிய என் கருத்தை மாற்றிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். சுற்றிப் பார்ப்பது விமானியின் கடமை என்று இப்போதும் சொல்வேன். சுற்றிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்பதில் மட்டும் முன்பு இருந்த நிச்சயம் இல்லை.

---

மோரி மெக்கானிக் எழுதியது:

ஐயா, வெயிலில் நடந்து போய்ப் பார்த்ததற்கு நன்றி. ஒரே ஒரு கேள்வி. ஸ்டே கம்பிகளில் உறை ஏதாவது மாட்டியிருந்ததா?

---

ஈசானமூலை எழுதியது:

இருந்தது. மஞ்சள் குழாய் உறை, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு. மாடு முட்டிக்கொள்ளாமல் இருக்கப் போட்டது என்றார் தோட்டக்காரர்.